தலைக்காயமும் திடீர்ப் பதற்றமும்

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். சென்ற ஆண்டு மடிவலை இழுக்கும்போது விஞ்சுக் கம்பி அறுந்து தலையில் அடித்ததில், சிறிது நேரம் நினைவில்லாமல் கிடந்தார். காயம் ஆறிவிட்டது; ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் மீன் விற்றபின் பங்குக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் வியர்த்து, கை நடுங்கி, நோட்டை வீசிவிட்டு எழுந்து போகிறார். இது மூளைப் பாதிப்பா? இப்படிப் பதறிப் பதறியே மூளை கெட்டுவிடுமா? காத்துக் கருப்பு என்று சொல்லி, ஏர்வாடிக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள்.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், சகோதரி. பதற்றத்தில் மூச்சு வேகமெடுக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குவதால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டித் தணிந்துவிடும் இந்தப் பதற்றத்தால் மூளை சிதைவதில்லை.

ஆனால் மூளைக் காயத்தால் பதற்றம் வரும். முதல் உலகப் போரில் தலையில் அடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜெர்மானிய மருத்துவர் கர்ட் கோல்ட்ஸ்டைன், அதுவரை அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், முன்பு எளிதாகச் செய்த ஒரு கணக்கை இப்போது செய்ய முடியாத அந்தக் கணத்திலேயே வெளிறி நடுங்கிச் சீறுவதையும், செய்ய முடிந்த வேலையைக் கொடுத்தால் தெளிந்துவிடுவதையும் கவனித்து எழுதினார். கணக்கு நோட்டைத் தவிர வேறெங்கும் உங்கள் கணவர் பதறுவதாக நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. டீசல், ஐஸ், படிக்காசு எல்லாம் கழித்து, மிச்சத்தை முதலாளிக்கும் ஆட்களுக்கும் பிரிப்பதற்குப் பல எண்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்த வேண்டும். நெற்றிப் பக்க மூளையில் அடிபட்டவர்களுக்கு முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இத்தகைய வேலைதான். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்தத் தடுமாற்றம் இருக்கலாம்.

அச்சத்தின் இருப்பிடம் என்று பலரும் சொல்லும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இருபுறமும் சிதைந்த மூவரை, 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது மூவருமே பீதியடைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே மூளையின் ஓரிடத்தைக் காட்டி, காரணம் இதுதான் என்று யாரேனும் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கடிகாரத்தை வைத்துக் கவனியுங்கள். கணக்கே இல்லாதபோதும் திடீரென்று பயம் வந்து, ஓரிரு நிமிடத்தில் அடங்கி, அதற்குள் வெறித்துப் பார்ப்பதோ வாயை மெல்லுவதோ நடந்து, பிறகு அது அவருக்கு நினைவில்லாமலும் போனால், அது வலிப்பாக இருக்கலாம். முடிந்தால் செல்போனில் படம் எடுத்து, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். வலிப்பில்லை என்று உறுதியாகும்வரை அவர் படகோட்ட வேண்டாம்.

ஏர்வாடிக்கு நேர்ந்துகொண்டிருந்தால் போய் வாருங்கள், ஆனால் அவரைத் தங்கவைத்துவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு தனியார் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போதைக்குக் கணக்கை வேறொருவர் பார்க்கட்டும். அவரிடம் ஒரு நேரத்துக்கு ஒரு கழித்தல் மட்டும் கொடுங்கள், நாலு பேர் முன்னிலையில் வேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் 108க்குச் சொல்லுங்கள்.