அடுத்த மாத்திரைக்கு முன்னால் வரும் அரை மணி நேரம்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) வந்து 11 வருடம். அன்றிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் நான், மருத்துவன் இல்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் மருந்தின் வேகம் இறங்கிவிடுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அம்மா காலையில் நன்றாக நடக்கிறார். பதினொரு மணிக்குக் கால் இழுக்கிறது. நோய் திடீரென முற்றிவிட்டதா?

மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதவில்லையே! அடுத்த மாத்திரை போட்டதும் கால் சரியாகிறது என்றால், காலை மருந்து தீர்ந்துபோகிறது என்றுதான் தோன்றுகிறது. இந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மூளைச் செல்கள் அதை டோபமைனாக (உடல் அசைவுக்குத் தேவையான மூளை ரசாயனம்) மாற்றிச் சேர்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தச் செல்கள் குறையக் குறைய சேர்த்து வைக்க இடமில்லை. அதனால் ஒரு நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம்.

கேள்வி: கணவருக்கு நடுக்கமே கிடையாது. ஆனால் சாயங்கால மாத்திரைக்கு முன்னால் காரணமில்லாமல் பயப்படுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது. இதற்கும் மருந்துக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம் அம்மா. எங்கள் வீட்டில் இது புரியவே ஒரு வருடம் ஆனது. நாலு மணியானால் அப்பா எரிந்து விழுவார். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம். பார்த்தால், நாலரைக்குத்தான் அவருக்கு மாத்திரை! கை கால் இறுகுவதற்கு முன்பே மனம் இறங்கிவிடும் சிலருக்கு. பதற்றம், சோர்வு, யோசனை மந்தமாவது, தோள்வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, குரல் தேய்வது, எழுத்து பொடியாவது, விடியற்காலையில் கால்விரல் மடங்கி இழுத்துக்கொள்வது... எல்லாமே இந்தக் கணக்கில் வரலாம். ஒன்று மட்டும்: நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மாத்திரைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் உடம்பு நெளிகிறது, தலை ஆடுகிறது. மருந்து போதவில்லையா?

பெரும்பாலும் நேர்மாறு. மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருகிற அசைவு அது. நடுக்கம் ஒரே தாளத்தில் இருக்கும். இது பாம்பு போல நெளியும். செல்போனில் படம் பிடித்து, மாத்திரை போட்ட நேரத்தோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சில நாள் மாத்திரை வேலையே செய்வதில்லை. ஏன்?

சாப்பாட்டோடு கொடுக்கிறீர்களா? புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ கொடுத்துப் பாருங்கள். மலச்சிக்கலும் இரும்புச்சத்து மாத்திரையும்கூடக் கெடுக்கும்.

கேள்வி: மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? அங்கே போனால் நன்றாக நடந்து காட்டுகிறார்!

எல்லா வீட்டிலும் இதே கதைதான். மூன்று நாள், மணிக்கு ஒரு வரி நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை, சாப்பாடு, 'நல்லா இருக்கார்', 'இறுக்கம்', 'நெளிவு'. அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரைகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்கலாம், எண்டகபோன் போல வேகத்தை நீட்டிக்கும் மருந்து சேர்க்கலாம். எண்டகபோனால் சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: அதுவரை நாங்களே அரை மாத்திரை கூட்டிக் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. நிறுத்தவும் வேண்டாம், திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நேரம் தவறாமல் கொடுங்கள். அப்பாவுக்காக என் செல்போனில் ஆறு அலாரம் இருக்கிறது.