ரிலே புத்தகம்: எந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து வாங்குவது?

கேள்வி: துணைமின் நிலையப் பராமரிப்பிலிருந்து ரிலே (கோளாறைக் கண்டுபிடித்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவி) டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். 1950களில் எழுதப்பட்ட ஒரு நூலே போதும் என்கிறார் மேலதிகாரி. ஒரு பயிற்சி மையக்காரரோ, ‘ரெடிமேட் செட்டிங் கையேடு’ ஒன்றை வகுப்புக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: அந்தக் கையேட்டை வாங்கவே வாங்காதீர்கள். செட்டிங் என்பது ரிலே எவ்வளவு கரண்டில், எவ்வளவு நேரத்தில் செயல்பட வேண்டும் என்ற அளவு. அது உங்கள் பஸ்ஸின் (லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்தி) ஃபால்ட் லெவல் (ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் கரண்டின் அளவு), சி.டி. (பெரிய கரண்டைச் சிறிதாக்கி ரிலேவுக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதம், அடுத்த ரிலே எடுக்கும் நேரம் இவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அட்டவணையில் அச்சடித்திருப்பது வேறு யாருடைய நிலையத்துக்கோ போட்ட கணக்கு. என் கைக்கு வந்த இப்படிப்பட்ட கையேடுகளில் பாதிப் பக்கங்கள், ரிலே தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் மேனுவலிலிருந்து உருவியவை. அதற்குக் காசு வேறு.

சரி, பழைய நூல்? ஃபால்ட் கணக்கு பழசாவதில்லை. ஃபோர்டெஸ்கியூ 1918-இல் சொன்ன சமச்சீர் கூறுகளை (சமமில்லாத மூன்று ஃபேஸ் கரண்டைச் சமச்சீரான தொகுதிகளாகப் பிரிக்கும் முறை) வைத்துத்தான் இன்றைக்கும் எர்த் ஃபால்டை, அதாவது மின்கம்பி தரையோடு சேரும் கோளாறை, கணக்கிடுகிறோம். அந்த அத்தியாயங்களைத் தாராளமாகப் படியுங்கள்.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் டிஃபரன்ஷியல் (இரு பக்கக் கரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் டிரிப் செய்யும் பாதுகாப்பு) பக்கத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். ஸ்டார், டெல்டா என்பவை மூன்று ஃபேஸ்களை இணைக்கும் இரு வகைகள். ஸ்டார் பக்க சி.டி.க்களை டெல்டாவிலும், டெல்டா பக்க சி.டி.க்களை ஸ்டாரிலும் இணைக்கச் சொல்லியிருப்பார்கள். எலக்ட்ரோமெக்கானிக்கல் (அசையும் பாகங்களால் இயங்கும் பழைய வகை) ரிலேவுக்கு அது சரி. நியூமெரிக்கல் (மைக்ரோபிராசசரால் கணக்கிடும்) ரிலேவில் இரு பக்கமும் ஸ்டாரில் இணைத்து, வெக்டர் குரூப்பை (டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பையும் கோண வித்தியாசத்தையும் சொல்லும் குறியீடு) செட்டிங்கில் கொடுத்தால் 30 டிகிரி வித்தியாசத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். புத்தகத்தை நம்பி டெல்டாவும் போட்டு, வெக்டர் குரூப்பும் கொடுத்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடக்கும். லோடு ஏறியதும் ஃபால்டே இல்லாமல் டிரிப் ஆகும்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. பழைய ரிலேவைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கிறீர்கள், சி.டி. வயரிங்கைத் தொட முடியவில்லை என்றால் டெல்டா அப்படியே இருக்கும். அப்போது அந்தப் பக்கத்துக்குக் கோணத் திருத்தம் வேண்டாம் என்று ரிலேவுக்குச் சொல்ல வேண்டும். ரிலேவுக்கு வரும் கரண்டும் 1.732 மடங்காக இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லா மாடலும் இதற்கு இடம் கொடுக்காது. கொடுத்தாலும் டெல்டாவுக்குள் பூஜ்ய வரிசைக் கரண்ட் (மூன்று ஃபேஸிலும் ஒன்றுபோல் பாயும், எர்த் ஃபால்டில் வரும் பகுதி) சிக்கிக்கொள்வதால், அந்த சி.டி.யை வைத்து எர்த் ஃபால்ட் பாதுகாப்பு கிடைக்காது. இவ்வளவையும் விளக்கும் புத்தகம் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில் (கரண்ட் கூடக் கூட ரிலே எடுக்கும் நேரம் குறையும் வளைவு), டைம் மல்டிப்ளையர் (அந்த நேரத்தைப் பெருக்கும் எண்) 1, செட்டிங்கைப் போல் 10 மடங்கு கரண்ட் என்றால் 2.97 வினாடி வர வேண்டும். புத்தகத்தில் உள்ள சூத்திரத்தைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அப்புறம், தொடராக உள்ள இரண்டு ரிலேக்களுக்கு கிரேடிங் (ஃபால்டுக்கு அருகில் உள்ளது முதலில் டிரிப் ஆகும்படி நேர இடைவெளி விடுவது) போட்ட கணக்கு முழுசாக இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள். இடைவெளி 0.4, 0.5 வினாடி என்றிருந்தால் அது சுழலும் தட்டு கொண்ட எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேவுக்கான கணக்கு, நியூமெரிக்கலுக்கு 0.3-ஐ ஒட்டி இருந்தாலே பெரும்பாலும் போதும். அட்டையில் புது ஆண்டு இருப்பதை நம்ப வேண்டாம், மறுஅச்சுக்கும் புது ஆண்டு போடுகிறார்கள்.

ஐஇசி 60255 (பாதுகாப்பு ரிலேக்களுக்கான சர்வதேசத் தரநிலை) போன்ற தரநிலைகளைப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் பாதுகாப்புக்கென எழுதிய விதிகளைத் தனிமனிதர் வாங்க முடியாத விலைக்குப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கொள்முதல் குழுக்களோ தடிமனைப் பார்த்துப் புத்தகம் வாங்குகின்றன. அதனால் முதலில் உங்கள் பேனலில் இருக்கும் ரிலேவின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் மேனுவலைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். புத்தகத்தை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.