திருவிழா லைட்டை ஏன் சொல்லவில்லை?

கேள்வி: அக்கா, பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார். எனக்கு 22 வயது, போலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்திருக்கிறேன். இரண்டு இண்டர்வியூ போனேன், இரண்டிலும் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றதுமே மனப்பாடம் செய்தது மறந்துபோய் வாய் அடைத்துவிட்டது. ஆங்கிலமும் சுமார்தான். அனுபவம் என்றால் தொழிற்பயிற்சி, அப்புறம் கோயில் திருவிழாவில் சாமி புறப்படுகிற நேரத்தில் பாதி லைட் சரம் அணைந்து, எலி கடித்த வயரைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படித் தயாராவது?
- பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, 'அவ்வளவுதான்' என்று போட்டாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. டெக்னீஷியனை எதற்கு வேலைக்கு எடுக்கிறார்கள்? மிஷின் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கத்தானே! நீ அதைத்தான் சாமி புறப்படுகிற நேரத்தில், நாலு பேர் தலைக்கு மேல் நின்று 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்க, செய்து முடித்திருக்கிறாய். அதை விட்டுவிட்டு இணையத்தில் யாரோ எழுதிவைத்த 'நான் கடின உழைப்பாளி' என்பதைப் போய் ஒப்பித்தால் மறக்காமல் என்ன செய்யும்?

நானும் மனப்பாடக் கேஸ்தான். என் முதல் இண்டர்வியூவில் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே வந்தேன், 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற சொல்லில் நாக்கு இடறியது, விட்ட இடம் தெரியாமல் மறுபடியும் 'மை நேம் இஸ்' என்று முதலிலிருந்து தொடங்கினேன். எதிரே இருந்த சீன அம்மா பேனாவை மெதுவாக மூடி வைத்தார். அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இன்று இரவே ஒரு தாளை எடு. பாதிச் சரம் அணைந்ததும் முதலில் எதைத் தொட்டாய்? மெயினை அணைத்தாயா? (அணைத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல், தொழிற்சாலைக்காரர்களுக்குப் பாதுகாப்புதான் முதல் பேச்சு. அணைக்கவில்லை என்றால் கதை விடாதே, இனிமேல் அணைப்பேன் என்று சொல்.) ஃபியூஸ், பிளக் பார்த்தாயா, எந்தப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தாய், மீட்டர் வைத்தாயா, எவ்வளவு நேரம் பிடித்தது? இதையெல்லாம் துண்டு துண்டாகக் குறித்துக்கொள், முழு வாக்கியமாக எழுதாதே, எழுதினால் மறுபடியும் மனப்பாடத்தில் போய் நிற்பாய். 'ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தாய்', 'நெருக்கடியில் எப்படி வேலை செய்வாய்', 'மற்றவர்களோடு சேர்ந்து செய்திருக்கிறாயா' என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் இந்த ஒரு சம்பவம் தாங்கும். தொழிற்பயிற்சியிலும் இதே மாதிரி இரண்டு தேடி எடு.

'உன்னைப் பற்றி' என்பதற்கு ஒரு நிமிடம் போதும். என்ன படித்தேன், கையால் என்ன செய்திருக்கிறேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன், முடிந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார் என்பதை மறைக்கவும் வேண்டாம், அனுதாபத்துக்குச் சொல்லவும் வேண்டாம்.

ஆங்கிலம் சிக்கினால் 'போலே சாயா ஜாவாப் டாலாம் பஹாசா மலாயு?' (மலாயில் பதில் சொல்லலாமா?) என்று கேட்டுவிடு. மலாயில் தெளிவாகச் சொல்வது ஆங்கிலத்தில் மென்று முழுங்குவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வோல்டேஜ், ஷார்ட் சர்க்கியூட், சென்சார் மாதிரி தொழில் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் பழகியிருக்கட்டும். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல், எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்.

நைட் ஷிஃப்ட் கேட்பார்கள். ஃபேக்டரி பஸ் உங்கள் தோட்டத்து முச்சந்திக்கு வருமா, இல்லை டவுன் வரை நீ போக வேண்டுமா என்பதை இப்போதே விசாரித்து, அப்பா அம்மாவிடமும் பேசி முடித்துவிட்டுப் போ. அங்கே போய் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் பாதி வேலை போச்சு.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றால் 'எவ்வளவு கொடுத்தாலும் சரி' என்று மட்டும் சொல்லிவிடாதே! மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே 2025-லிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அது டிப்ளமா இல்லாதவருக்கும் உண்டு. அங்கே வேலை செய்கிற சீனியர்களிடம் விசாரித்துவிட்டு ஒரு தொகையைச் சொல். 2,300 என்று பேசினால் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 253 வெள்ளி, பிடித்த பிறகுதான் கையில் வரும், சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பிடிப்பது தனி. ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டா, ஓவர்டைம் எப்படி என்று நீயும் கேட்கலாம், தப்பில்லை.

ஒத்திகைக்கு அம்மாவை எதிரே உட்காரவை. எலி கடித்த வயர் கதையை முதலில் தமிழில் சொல், 'அப்புறம்?' என்று அம்மா கேட்டால் சரியாகச் சொல்கிறாய் என்று அர்த்தம், 'சரி சரி, சோறு ஆறுது' என்றால் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடியும் சொல்.