காட்டுக்கோழியின் கழுத்திறகு – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

யார்க்‌ஷயரில் ஒரு தூண்டில் சங்கத்தில் சேர்ந்து, குளிர்கால இரவுகளில் இறகும் நூலும் கொண்டு மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி கட்டுவதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். ஒரு மண்புழுவில் முடிகிற வேலைக்கு இத்தனை அலங்காரமா? பிடித்த மீனைத் திரும்ப விடுகிறீர்கள் என்றால் அதைக் குத்துவானேன்? இன்னொன்று. எங்கள் பக்கத்துக் காட்டுக்கோழி இறகை வெள்ளைக்காரர்கள் தூண்டிலில் கட்டுவார்கள் என்று என் தாத்தா சொல்வார். நிஜமா?

ச., கூடலூர்

அன்புள்ள ச.,

தாத்தா சொன்னது நிஜம். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் உருக்கிய மெழுகைச் சொட்டவிட்ட மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சால்மன் மீனுக்காகக் கட்டிய பழைய பொய்ப்பூச்சிகளில் அந்தப் பொட்டை இரு பக்கமும் கன்னம்போல வைத்தார்கள். எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு தோலை எடுத்து, "இது உங்க ஊர்ச் சரக்கு" என்று மேசையில் வைத்தார். முதுமலைச் சாலையில் பேருந்துக்குக் குறுக்கே ஓடிய சேவல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. (பதற வேண்டாம். நம் பறவைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காவல் உண்டு. இங்கே கிடைப்பவை பிரிட்டனிலேயே வளர்த்த சேவல்களின் தோல்கள்.)

முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரையே எடுப்பதில்லை. அதற்குப் போய் இத்தனை ஜோடனை! அது மீனுக்கல்ல, கட்டுகிற ஆளுக்கு. அந்தப் பித்து எதுவரை போகும் என்றால், 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் களவு போயின. திருடியது பொய்ப்பூச்சி கட்டுவதில் பேரெடுத்த ஓர் இசை மாணவன்.

வடக்கு இங்கிலாந்தில் ட்ரவுட் மீனுக்குக் கட்டும் பொய்ப்பூச்சி இதற்கு நேர் எதிர். 14ஆம் எண் தூண்டில் முள், ஆரஞ்சுப் பட்டு நூல், கௌதாரி இறகு ஒன்று. அவ்வளவுதான். இன்னொன்றுக்கு ஊதாப் பட்டும் உள்ளான் இறகும். இறகை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால் காரியம் கெட்டது. அடர்ந்துபோனால் தண்ணீரில் அசையாது. மெலிந்திருந்தால் பூச்சி காலை உதைப்பதுபோல இருக்கும். அக்டோபர் 1 முதல் மார்ச் 24 வரை இங்கே ஆற்று ட்ரவுட்டைத் தொடக்கூடாது என்பதால்தான் குளிர்காலம் முழுக்கக் கைவேலை.

மண்புழுவைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் வாய்க்காலில் தக்கையும் புழுவும் போட்டு வளர்ந்தவன்தான், அதில் இளக்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் புழுவுக்குக் கனம் உண்டு, எறிந்தால் போய் விழும். பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. கனம் முழுக்கத் தூண்டில் நூலில். நூலைப் பின்னால் வீசி, அது விரிந்து நேராகும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை நான் பிடித்ததெல்லாம் பின்னால் நின்ற மரங்கள். ஒருமுறை என் காது.

வீசத் தெரிந்தால் போதாது, மீன் அன்றைக்கு எதைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். இங்கே மேஃப்ளை என்று ஒரு பூச்சி. அதில் பெரிய இனம் இரண்டு வருஷம்போல ஆற்றடிச் சேற்றில் கிடந்துவிட்டு, மே கடைசியில் சிறகோடு மேலே வரும். அப்போது அதற்குத் தின்ன வாய் கிடையாது. இணைந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துப்போகும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது புத்தகம் அல்ல, சங்கம். அவ்வப்போது ஆற்றில் இறங்கி மூன்று நிமிடம் காலால் அடியைக் கிளறி, வலையில் விழுகிற சிற்றுயிர்களில் எட்டு வகையை எண்ணுவோம். கணக்கு ஓர் அளவுக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். இங்கே சாக்கடை ஆற்றில் கலக்கும் லட்சணத்துக்கு அது வீண்வேலை அல்ல. இங்குள்ள வார்ஃப் ஆற்றில் இல்க்லி என்ற ஊர்ப் பக்கத்தை 2020 டிசம்பரில் குளிக்கும் இடமாக அறிவித்தார்கள், இங்கிலாந்தில் ஓர் ஆற்றுக்கு அதுதான் முதல்முறை. தண்ணீரைச் சோதித்ததும் கிடைத்த தரம்: மோசம்.

குத்துவானேன் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கிவிடுகிறோம், கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுகிறோம். அதனால் வலிக்காது என்று ஆகிவிடாது. 2003இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் வானவில் ட்ரவுட்டின் உதட்டில் அமிலம் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. அதைப் படித்த பிறகு ஆற்றுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பூச்சி கட்டுவதையும் எண்ணுவதையும் விடவில்லை. சங்கத்தில் இதற்காக என்னைக் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

உங்கள் பக்கத்து ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, ஓட்டமுள்ள இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். தட்டை உடம்பும் மூன்று வாலுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அது மேஃப்ளை வகைப் பூச்சியின் குஞ்சாக இருக்கலாம், படமெடுத்து அனுப்புங்கள். கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.