கொழும்பில் வீடில்லாதவருக்கும் மைக் கிடைக்குமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். வயது 22. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாகச் செய்தேன். போனில் வீடியோ எடுத்து நானே எடிட் செய்வேன், கோயில் திருவிழாக்களில் அறிவிப்பும் செய்வேன். கொழும்பில் ஓர் இடத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். இன்னோர் இடத்தில் 85,000 ரூபாய் கட்டினால் அறிவிப்பாளர் பயிற்சியோடு வேலையும் நிச்சயம் என்கிறார்கள். பின்தங்கிய சமூகத்து இளையோருக்குச் சம்பளத்தோடு ஊடகப் பயிற்சி என்று இன்டர்நெட்டில் ஒரு நீண்ட பட்டியலும் பார்த்தேன். அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. எதை நம்பிப் போவது? தோட்ட விலாசம் போட்டால் கூப்பிடமாட்டார்கள் என்று தோழிகள் சொல்வது உண்மையா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ஆறு மாதம். ஒரு தாளை எடுத்து அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்: போர்டிங் வாடகை, அதற்கான முற்பணம், மூன்று வேளைச் சாப்பாடு, தினப் பஸ், போன் டேட்டா, மாதம் ஒரு தரம் ஊருக்கு வந்துபோகும் செலவு. அதை ஆறால் பெருக்குங்கள். வரும் தொகைதான் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கட்டப்போகும் கட்டணம். கொழும்பில் வீடு உள்ள பிள்ளைக்கு அது பஸ் காசு. உங்களுக்கு அது கடன். சம்பளமில்லாப் பயிற்சி ஊடகத்துறையில் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. திறமையை அது அளப்பதே இல்லை.

இரண்டு வாரம் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகுவது பயிற்சி. உங்கள் பெயர் டியூட்டி ரோஸ்டரில் ஏறி, நீங்கள் எடிட் செய்தது ஒளிபரப்பாகி, நேரத்துக்கு வரவில்லையென்றால் ஏச்சு விழுமானால் அது வேலை. வேலைக்கு எடுத்தால் தேசிய குறைந்தபட்ச வேதனத்துக்குக் கீழே கொடுக்க முடியாது. அந்தத் தொகை 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, அவர்கள் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம் முழுக்க அவர்கள் பொறுப்பு. ஆகவே அந்த இடத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "பயிற்சிக்கு அழைத்தமைக்கு நன்றி. தங்குமிடம், போக்குவரத்து, உணவுக்கான கொடுப்பனவு எவ்வளவு, பயிற்சி முடிவுத் திகதி எது, அதன்பின் நியமனம் எந்த அடிப்படையில் என்பதை எழுத்தில் அறியத் தரவும்." கொடுப்பனவு ஒழுங்கு உள்ள இடம் இதற்கு ஒரு நாளில் பதில் போடும். போனில் மட்டும் பேசி எழுத்தில் எதுவும் தராத இடத்தை விட்டுவிடுங்கள்.

85,000 ரூபாய் விஷயத்தில் இரண்டு கேள்வி போதும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் உங்கள் நிறுவனத்தின் பதிவிலக்கம் என்ன? பாடநெறி எந்த என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம்? இலக்கம் சொன்னால் ஆணைக்குழுவிடமே கேட்டுச் சரிபாருங்கள். "வேலை நிச்சயம்" என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வானொலியோ தொலைக்காட்சியோ தன் குரல் தேர்வைத் தானே நடத்தும். வேறொருவர் கொடுத்த வாக்குறுதி அங்கே செல்லாது.

நீங்கள் பார்த்த இன்டர்நெட் பட்டியல் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கானது. பி.பி.சி.யின் பயிலுநர் திட்டங்கள் உண்மையானவை, சம்பளமும் உண்டு. ஆனால் அந்த நாட்டில் வேலை செய்ய ஏற்கனவே உரிமை உள்ளவர்களுக்குத்தான் அவை. அங்கே "பன்முகத்தன்மை" என்று சொல்வது அந்த நாட்டுச் சிறுபான்மையினரையும், மாற்றுத்திறனாளிகளையும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளையும். "பி.பி.சி. பயிற்சிக்கு விசா எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் அது மோசடி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலையகத்தவருக்கென்று இடம் ஒதுக்கிய ஊடக வேலை விளம்பரம் இங்கே அரிது. ஆனால் சம்பளம் வரும் வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் நம் பிள்ளைகள் அதிகம் தட்டாதது நைட்டா, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை. ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தத்தோடு பயிலுநராகச் சேர்த்து, கொடுப்பனவோடு வேலை பழக வைப்பது அதன் முறை. பலரும் நைட்டா இடம் காட்டும் என்று காத்திருக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ வீடியோ, டிஜிட்டல் அச்சு, விளம்பர வேலை செய்யும் ஒரு ஸ்டூடியோவை முதலில் பிடித்து, "என்னை நைட்டா பயிலுநராகப் பதிவு செய்து எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். முதலாளி சம்மதித்தால் இருவருமாக நைட்டா மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். எந்தத் தொழிலுக்குப் பதிவு, எவ்வளவு காலம், எவ்வளவு கொடுப்பனவு என்பதை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ஏற்கனவே தெரிந்த வேலையைச் சோதித்து என்.வி.கியூ சான்றிதழ் தரும் முன்கற்றல் மதிப்பீடும் அங்கே உண்டு. போனில் பழகிய எடிட்டிங் கணக்கில் சேருமா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வாசல் நல்கை, அதாவது நிதியுதவி. ஊடக அபிவிருத்தி நிறுவனங்கள் இளையோருக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு மூன்று செய்திக் கதைகள் செய்யப் பணமும் தரும். அந்த அறிவித்தல்களில் "பெண்கள், மலையகம், வடக்கு, கிழக்கு விண்ணப்பதாரர்கள் வரவேற்கப்படுகின்றனர்" என்றொரு வரி அடிக்கடி இருக்கும். நீங்கள் தேடிய பட்டியலுக்கு நம் ஊர் வடிவம் இந்த வரிதான். இலங்கை பத்திரிகை ஸ்தாபனம் போன்றவற்றின் பேஸ்புக் பக்கங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். காலக்கெடு குறுகியதாக இருக்கும், ஆகவே ஒரு பக்கக் கருத்துக் குறிப்பை இப்போதே எழுதி வையுங்கள். என்ன கதை, ஏன் இப்போது, யார் பேசுவார்கள், எந்த இடம், எத்தனை நிமிடம், எவ்வளவு செலவு.

நம்மவர் கருத்துக் குறிப்புகள் விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, "தோட்ட மக்களின் பிரச்சினைகள்" என்று தலைப்பு வைப்பது. அது ஒரு கதை அல்ல, ஒரு நூலகம். "எங்கள் டிவிசனுக்கு வரும் கடிதங்கள் தோட்ட ஆபீசில் எத்தனை நாள் கிடக்கின்றன" என்பது கதை. அதற்குக் கடித உறைகளில் விழுந்த தபால் முத்திரைத் திகதியே ஆதாரம். இன்னொன்று செலவுப் பட்டியல். ஓட்டோ, டேட்டா, சாப்பாடு எல்லாம் எழுதிவிட்டுத் தன் கூலியை எழுத மறந்துவிடுகிறார்கள். படம்பிடிக்க இரண்டு நாள், எடிட்டுக்கு மூன்று நாள் என்றால் ஐந்து நாள் கூலி அங்கே ஒரு வரியாக நிற்க வேண்டும். பணம் எத்தனை தவணையில் வரும், முதல் தவணை வேலை தொடங்குமுன் வருமா என்றும் கேளுங்கள். எல்லாம் முடிந்த பின்தான் என்றால் நடுவழியில் காசில்லாமல் நிற்பீர்கள்.

மூன்றாவது, மொழி. சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசுகிறீர்களா? பேசுவதை எழுதவும் முடியுமானால், அறிவிப்பாளர் வரிசையை விட செய்தி மொழிபெயர்ப்பு மேசையில் போட்டி குறைவு. செய்தியறைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பகுதி சிங்களத்தில் வருகிறது, அதை அரை மணி நேரத்தில் பிழையில்லாத் தமிழாக்கும் ஆள் எப்போதும் தேவை. தினம் ஒரு சிங்களச் செய்தியை மணிக்கூடு வைத்து மொழிபெயர்த்துப் பழகுங்கள். எங்கள் கணிப்பில் உங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளத்தோடு சீக்கிரம் திறக்கும் கதவு இதுதான். ஸ்டூடியோவுக்குள் போனபின் மைக் தூரமில்லை.

பிராந்திய நிருபர் வேலையைப் பற்றி ஒரு சொல். மாதச் சம்பளம் இல்லாமல், பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பதே பல இடங்களில் வழக்கம். அனுபவத்துக்கு நல்லது, வீட்டை ஓட்டப் போதாது. செய்தால் அனுப்பிய திகதி, வெளியான திகதி, வந்த தொகை மூன்றையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், நேத்ராவை நடத்தும் ரூபவாஹினி, வசந்தத்தை நடத்தும் ஐ.ரி.என். ஆகியவற்றின் ஆட்சேர்ப்பு விளம்பரங்களுக்கு ஞாயிறு வீரகேசரியையும் தினகரனையும் அவற்றின் இணையத்தளங்களையும் பாருங்கள். இவை அரச நிறுவனங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழ்ச் சேவைக்குப் பகுதிநேர ஆட்களை எடுக்கும் முறை என்ன, கடைசியாக எப்போது குரல் தேர்வு நடந்தது, ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு கொடுப்பனவு என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஆளைப் பிடிக்கத் தேவையில்லை. சக்தி, சூரியன் போன்ற தனியார் வானொலிகள் விளம்பரம் போடும்வரை காத்திருக்காமல் குரல் மாதிரியை நேரே அனுப்புங்கள்.

குரல் மாதிரி 90 செக்கனுக்கு மேல் வேண்டாம். செய்தி 35 செக்கன், இரண்டு பாட்டுக்கு நடுவே பேசுவது போல் 20 செக்கன், மீதியில் உங்கள் ஊரைப் பற்றி நீங்களே எழுதிய ஒரு சிறு விவரணை. "வணக்கம், எனது பெயர்" என்று நீட்டாமல் செய்தியிலேயே தொடங்குங்கள். கேட்பவர் முதல் 15 செக்கனில் பாதி முடிவை எடுத்துவிடுவார். பின்னணி இசை வேண்டாம், அது குரலை மறைக்கப் போட்டது என்றே நினைப்பார்கள்.

லயத்துக் காம்பராவில் ஒலிப்பதிவு செய்வது கஷ்டம். தகரக்கூரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும், மழை வந்தால் எல்லாம் போச்சு. மழையில்லாத நாளில் இரவு பத்துக்குப் பிறகு, கொடியில் தொங்கும் உடுப்புகளைப் பார்த்து உட்கார்ந்து, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதியுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். ஒலி மட்டத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, அளவு மீறி வெடித்த ஒலியைப் பிறகு திருத்த முடியாது. கம்பியூட்டரில் இலவசமாக ஓடும் ஒடாசிட்டியில் வெட்டி எம்.பி.3 ஆக்குங்கள். வட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் போன் இலக்கமும் இருக்கட்டும். வீடியோ மாதிரியென்றால் போனை நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வழக்கமான 30 பிரேமில் எடுத்தால் பல விளக்குகளின் கீழ் படம் துடிக்கும்.

குரல் தேர்வில் பலர் விழுவது ல, ள, ழ மயக்கத்திலும் ர, ற மயக்கத்திலும். அடுத்தது எண்கள். 17,450 மில்லியன் என்று வந்தால் தடுமாறுகிறார்கள். மூன்றாவது சிங்களப் பெயர்கள். ஞாயிறு பத்திரிகையின் ஒரு பக்கத்தை முன்பே பார்க்காமல் நிமிடத்துக்கு 90 முதல் 110 சொல் வேகத்தில் வாசித்துப் பதியுங்கள், பென்சிலோடு உட்கார்ந்து பிழைகளைக் குறியுங்கள். தினம் பத்து நிமிடம், இரண்டு மாதம். பிரபல அறிவிப்பாளர் எவரையும் போல் பேச முயல வேண்டாம். உங்கள் பேச்சின் மலையக வாடையை உச்சரிப்புப் பிழையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். பிழையைத் திருத்துங்கள், வாடை இருக்கட்டும். தோட்டத்து அம்மா ஒருவரைத் தயக்கமில்லாமல் பேச வைக்கும் குரல் அதுதான்.

விலாசம் பற்றிக் கேட்டீர்கள். தோட்டப் பெயரைக் கண்டு ஒதுக்கும் ஆட்கள் இல்லவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டோம். அதற்காக மறைக்க வேண்டாம். சுயவிபரக்கோவையில் "மலையகத்தில் களப்பணி செய்ய முடியும், அங்குள்ள தொடர்புகள் உண்டு" என்று திறமையாகவே எழுதுங்கள். நல்கை விண்ணப்பங்களில் அதற்கே மதிப்பு. விலாசத்தால் நடக்கும் பெரிய கெடுதி வேறு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, திகதி கடந்த பிறகு கைக்கு வருகிறது. நிரந்தர விலாசமாகத் தோட்டத்தைப் போட்டு, தபால் விலாசமாக டவுனில் தெரிந்த கடையையோ உறவினர் வீட்டையோ அவர்களின் சம்மதத்தோடு கொடுங்கள். மின்னஞ்சலையும் இரண்டு போன் இலக்கங்களையும் சேர்த்து எழுதுங்கள், அதில் ஒன்று வீட்டில் சிக்னல் கிடைக்கும் இலக்கமாக இருக்கட்டும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன்பு போன் பண்ணி "வந்து சேர்ந்ததா?" என்று கேளுங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், ஷிஃப்ட் இரவு எட்டுக்குப் பிறகு முடியும் நாட்களில் வாகனம் தருவார்களா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். அம்மா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.