அஞ்சல் குறியீட்டுக்கு ஃபைபர் இணையம் ‘உண்டு’ என்றால் அறைக்குள்ளும் உண்டா?

கேள்வி: சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டின் மூன்றாம் மாடியை வாடகைக்கு எடுக்கவிருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்பவன். "சிங்கப்பூரில் எல்லா வீட்டுக்கும் ஃபைபர் உண்டு, அரசாங்கக் கணக்கே சொல்கிறது" என்கிறார் முகவர். நம்பி முன்பணம் கட்டலாமா?

பதில்: சுவரைப் பார்க்காமல் கட்டாதீர்கள். ஃபைபர் எனும் கண்ணாடியிழைக் கம்பி வந்து முடியும் சிறு வெள்ளைப் பெட்டி, பெரும்பாலும் வாசற்கதவுக்கு அருகிலோ தொலைக்காட்சி வைக்கும் சுவரிலோ இருக்கும். அது இல்லையென்றால், நாட்டுக் கணக்கு எதைச் சொன்னாலும் உங்கள் மேசைக்கு ஃபைபர் இணையம் வராது.

தொலைத்தொடர்புத் துறையில் ‘கம்பி எட்டிய வீடு’ (கம்பி அருகில்வரை வந்தது) என்பது ஒரு கணக்கு, ‘இணைப்புப் பெற்ற வீடு’ (கம்பி உள்ளேயே வந்தது) என்பது வேறொரு கணக்கு. விளம்பரத்தில் வருவது எப்போதும் பெரிய எண்தான். அமெரிக்காவில் 2022 வரை, ஒரு கணக்கெடுப்புப் பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலே பகுதி முழுவதும் சேவை பெற்றதாக எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு உரியது என்பதால், இணையச் சேவை நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் அதை மட்டும் தட்டினால் கிடைப்பது கட்டடத்துக்கான பதில். வீட்டு எண்ணையும் சேர்த்துத் தட்டுங்கள். ஒருவரே வைத்திருக்கும் பல கைப்பேசி இணைப்புகளையும் கூட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும் கணக்குகளைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமையில்லை.

முகவருக்கு அக்கறை தரகுப் பணத்தில். கடைத்தொகுதியில் மேசை போட்டு விற்பவரோ, இணைப்பு வருமா என்று பார்க்கும் முன்பே 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்; இடையில் விலகினால் கட்டணம் உங்கள் தலையில் விழும். இணைப்பு கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்ற வரியை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு: பெட்டி இருந்தும் இணைப்பு வராமல் போகலாம். பெட்டியில் பொதுவாகக் கம்பி செருகும் துளைகள் இரண்டு இருக்கும். முன்பு குடியிருந்தவர் தம் சேவையை நிறுத்தாமல் போயிருந்தால், ஒரு துளை அவர் பெயரிலேயே கிடக்கும். மற்றதைக் கொண்டு நீங்கள் சமாளிக்கலாம். இரண்டும் அப்படிக் கிடந்தால், பழைய கணக்கு மூடப்படும்வரை நிறுவனமும் உரிமையாளரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு துளையாவது காலியா என்பதை முன்பணத்துக்கு முன்பே உரிமையாளரிடம் கேளுங்கள்; பெட்டியே இல்லாவிட்டால், சுவரில் துளையிட அனுமதி தர வேண்டியவரும் அவர்தான்.