முறிந்த நெக்கும் மலிவு விலையும்: கிட்டார் கேள்வி-பதில்

கேள்வி: சார், கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் வடிவத்தில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் சல்லிசாகக் கிடைக்கிறது. ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) ஒருமுறை உடைந்து ஒட்டியது என்று விற்பவரே சொல்லிவிட்டார். “ஒட்டின இடம்தான் இப்போ கெட்டி. வேற எங்க உடைஞ்சாலும் அங்க உடையாது” என்கிறார். நம்பி வாங்கலாமா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, அவர் சொல்வது பொய் இல்லை. நல்ல மரப்பசை நார்வாக்கில் பிடித்துக்கொண்டால் அந்த ஒட்டு, பக்கத்து மரத்தைவிட உறுதியாகவே நிற்கும். ஆனால் ஒட்டியது எந்தப் பசை, எப்படிப்பட்ட கை, கிளாம்பில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதெல்லாம் இப்போது பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது. உடைந்தது உடைந்தபடியே விற்கிறார் என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் “வாங்குங்கள்” என்றிருப்பேன். முறிந்த நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, பார்த்து எனக்குப் பயமில்லை. யாரோ அவசரத்தில் ஒட்டிய நெக்கைப் பார்த்தால்தான் பயம்.

இந்த வடிவக் கிட்டார்கள் ஏன் அங்கேயே முறிகின்றன என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஹெட்ஸ்டாக் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கிப்சனில் பெரும்பாலும் 17 டிகிரி. நெக் முழுவதும் ஒரே துண்டு மஹோகனி என்றால், சாயும் இடத்தில் மரத்தின் நார் நெக்கோடு ஓடாமல் குறுக்கே வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு அதே இடத்தில், நட்டுக்கு (நெக்கின் முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பின்னால், ட்ரஸ் ராடின் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) திருகுக்காகக் குழி தோண்டியிருப்பார்கள். மிச்சமிருக்கும் மெல்லிய மரத்தின் மேல் 10–46 கம்பி செட் (மெல்லியது 0.010, தடித்தது 0.046 அங்குலம்) ஒன்று ஏறத்தாழ 45 கிலோ இழுவையைப் போடுகிறது. ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் அடி நேராக அங்கேதான். ஃபெண்டர் கம்பெனி பாணி மேப்பிள் நெக்கில் ஹெட்ஸ்டாக் சாயாமல் நேராகவே போவதால் இந்தத் தொல்லை அரிது.

கிட்டாரைப் பார்க்கப் போகும்போது கையில் டார்ச் ஒன்று இருக்கட்டும். கம்பிகள் தளர்ந்து கிடந்தால் முதலில் முழுச் சுருதிக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஏற்ற விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நட்டின் பின்புறம் டார்ச்சைச் சாய்வாக அடித்து ஒட்டுக் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோடு நீளமாக, சரிவாக ஓடினால் நல்லது. பசை பிடிக்க நிறைய இடம் கிடைத்திருக்கிறது. குட்டையாக, குறுக்கே நேராக ஓடினால், பின்பக்கம் மரத்துண்டு பதித்து வலுவூட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் வேண்டாம். நகத்தால் கோட்டைத் தடவிப் பாருங்கள், படி தட்டக்கூடாது. பிறகு நெக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஹெட்ஸ்டாக்கின் நுனியை மெதுவாக, மிக மெதுவாக, பின்னோக்கித் தள்ளுங்கள். கோடு மயிரிழை திறந்தாலும் தெரியும்.

எந்தப் பசை என்று கட்டாயம் கேளுங்கள். நொடியில் ஒட்டும் பசை என்றால் விலையை இன்னும் அடியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அது மரத்தின் துளைகளை அடைத்துவிடும். பிற்பாடு விட்டுப்போனால் தச்சர்களின் மஞ்சள் பசை அங்கே ஊறிப் பிடிக்காது. பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும், சுரண்டினால் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாது.

உடைசலையே பார்த்துக்கொண்டு ட்ரஸ் ராடை மறந்துவிடாதீர்கள். முறிவை ஒட்டலாம்; உள்ளே செத்துப்போன ராடை உயிர்ப்பிக்க ஃப்ரெட்போர்டையே (ஃப்ரெட் எனும் உலோகக் கோடுகள் பதித்த, நெக்கின் மேல் பலகை) பெயர்க்க வேண்டும். கேபோவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் மாட்டி, நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியை அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அளவுகோல் இல்லையா? 10 செட்டின் மெல்லிய ஈ கம்பியின் தடிமனே அதுதான், ஒரு துண்டு நறுக்கி நுழைத்துப் பார்க்கலாம். இடைவெளி அதிகம் என்றால் விற்பவரின் அனுமதியோடு ராடை வலப்பக்கம் கால் சுற்று திருகுங்கள். நெக் அசைந்து கொடுத்தால் நிம்மதி. ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டு, அப்படியும் நெக் முன்னால் வளைந்தே நின்றால், அந்தக் கிட்டாருக்குப் பிக்கப், பாடி, ட்யூனர் மதிப்பு மட்டும்தான்.

கடைசியாக, பாடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் நெக் முறுக்கியிருக்கிறது. அதை ட்ரஸ் ராட் நேராக்காது.

கேள்வி: நேற்று என் கிட்டார் சாய்ந்து விழுந்து ஹெட்ஸ்டாக் பிளந்து, முன்பக்கம் ஒட்டிய மெல்லிய மரத் தகட்டில் தொங்குகிறது. நானே ஒட்டலாமா? (வாசகி ஒருவர்)

பதில்: முதலில் கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, பிறகு மீதியைப் படியுங்கள் அம்மா.

பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்ப மூடித் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நார்கள் நசுங்கும். உடைந்த முகத்தில் விரலும் படக்கூடாது. உதிர்ந்த சிம்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். முறிவு நீளமாக, புதிதாக, சுத்தமாக இருந்தால் நீங்களே செய்யலாம். துண்டு காணாமல் போயிருந்தாலோ குறுக்கே முறிந்திருந்தாலோ பழகிய கையிடம் கொடுங்கள்.

பசை போடாமல் கிளாம்பை மட்டும் வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சாய்வான முறிவு பசையில் வழுக்கி நகரும், அதனால் கட்டைகளை எங்கே வைத்தால் நகராது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ட்ரஸ் ராடின் திருகில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள். பசை அங்கே ஓடி இறுகினால் இன்று ஒட்டிய நெக்கை நாளை சரிசெய்ய முடியாது. மஞ்சள் மரப்பசையை இரு முகத்திலும் ஆழம்வரை தடவி, கட்டைக்கும் நெக்குக்கும் நடுவே பாலிதீன் தாள் வைத்து இறுக்குங்கள். ஓரமெல்லாம் பசை கசிய வேண்டும்; ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஒரு முழு நாள் தொடாதீர்கள், கம்பி ஏற்ற இன்னும் சில நாள் பொறுங்கள். கோடு தெரியத்தான் செய்யும். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள் என்பது என் கட்சி. என்றாவது விற்கும்போது வாங்குபவர் டார்ச்சோடு வருவார், அவருக்காவது அந்தக் கோடு நேர்மையாகப் பதில் சொல்லட்டும்.

கேள்வி: ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரிக் கிட்டார். நெக் முறுக்கிவிட்டது. வேறு நெக் போட்டால் சுருதி கெடுமா? 22 ஃப்ரெட் நெக்தான் கிடைக்கிறது, என்னுடையது 21.

பதில்: நான்கு திருகில் கழலும் நெக்குக்கு இவ்வளவு கவலை எதற்கு? கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் புகழ்பெற்ற கிட்டார் ‘பிளாக்கி’யே 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதுதான். 2004இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது.

நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட்வரை அளந்து இரட்டியுங்கள். பழையது, புதியது இரண்டிலும் 648 மில்லிமீட்டர் வந்தால் சுருதி நிற்கும். கூடுதலாக உள்ள ஃப்ரெட் பிக்கார்டின் (பாடியின் முகத்தை மூடும் தகடு) மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவே. பாடியில் நெக் உட்காரும் பள்ளத்தின் அகலம் பொதுவாக 56 மில்லிமீட்டர், அதையும் அளந்துவிடுங்கள். ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டர் நெக்கின் அடி சதுரம், ஸ்ட்ராட்டோகாஸ்டருடையது வளைவு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பழைய திருகுத் துளைகள் பொருந்தாவிட்டால் கடினமரக் குச்சியைப் பசையிட்டு அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள். திருகின் மேல் கொஞ்சம் மெழுகு தடவினால் மேப்பிளில் தலை முறியாது.

கேள்வி: ட்ரஸ் ராடைத் திருகியே கம்பியின் உயரத்தைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. உயரத்துக்கு, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் இருக்கிறது.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டாரில் ஃப்ரெட் நுனிகள் கையைக் கீறுகின்றன. நெக் போய்விட்டதா?

பதில்: இல்லை. காற்று வறண்டதால் மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்காது. ஈரப்பதம் 45–50 சதவீதம் உள்ள அறையில் சில வாரம் வைத்துப் பாருங்கள். அப்படியும் நீட்டிக்கொண்டிருந்தால், ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் டேப் ஒட்டி, மெல்லிய அரத்தால் நுனிகளை மட்டும் ராவிவிடுங்கள்.